பத்துமலைக்கு எந்த கேட்? விருந்தாளியின் பார்வையில் கோலாலம்பூர் ரயில்கள்

இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பின்னர் அது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. 'மலேசியாவுக்கு வருகை ஆண்டு 2026' என்ற பதாகைகளை விமான நிலையத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அதன் விளைவு நம் வீட்டு வரவேற்பறைகளிலேயே தெரிகிறது. திருச்சியிலிருந்து பெரியப்பா, மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார், சென்னையிலிருந்து அண்ணியின் தங்கை குடும்பம் என்று ஆள் வந்தவண்ணம் இருக்கிறார்கள்.

அவர்கள் வந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போடுகிறார். பத்துமலைக்கு ஒரு நாள், இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு நாள், மஸ்ஜிட் இந்தியாவில் துணி எடுக்க ஒரு நாள். பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் அவர் கணக்கு. "ரயில்ல போகச் சொல்லலாமே?" என்று கேட்டால், "பாவம், அவங்களுக்குத் தெரியாது, தொலஞ்சு போயிடுவாங்க" என்பதுதான் பல வீடுகளில் பதில். சென்னையில் பறக்கும் ரயில், மெட்ரோ, புறநகர் ரயில், மாநகரப் பேருந்து என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் பழகியவர்கள் கோலாலம்பூரில் மட்டும் ஏன் தொலைந்து போக வேண்டும்?

நம் ரயில்கள் மோசம் என்று சொல்ல முடியாது. கிளானா ஜெயா எல்ஆர்டி நெரிசல் நேரத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. எம்ஆர்டி நிலையங்கள் சுத்தமாக இருக்கின்றன, லிஃப்ட் இருக்கிறது, கட்டணமும் குறைவு. சிக்கல் ரயிலுக்குள் இல்லை. ஒரு ரயிலில் இருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்கு இடையே இருக்கும் அந்த இருநூறு, முந்நூறு மீட்டரில்தான் இருக்கிறது. இங்கேயே வாழும் நமக்கு அது பழகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு அங்கேதான் தலை சுற்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை கே.எல். செண்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர் நுழைவாயில் அருகே நின்று கவனித்தேன். அரை மணி நேரத்துக்குள் நான்கு குடும்பங்கள் வழி கேட்டன. அதில் ஒரு வயதான அம்மா கையில் எல்ஆர்டியின் நீல டோக்கனை வைத்துக்கொண்டு, "ஏம்மா, பத்துமலைக்கு இந்த கேட்தானே? இத வச்சா திறக்க மாட்டேங்குதே" என்றார். திறக்காதுதான். அவர் வாங்கியது ரெப்பிட் கே.எல். டோக்கன். பத்துமலைக்குப் போவது கேடிஎம் ரயில். அதற்கு வேறு கவுன்ட்டர், வேறு டிக்கெட், வேறு கேட். ஒரே கூரையின் கீழ் எல்ஆர்டி, கொமுட்டர், இடிஎஸ், விமான நிலைய ரயில் எல்லாம் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பு.

இப்படி ஆனதற்குக் காரணம் கட்டப்பட்ட விதம். கொமுட்டர் 1995இல் கேடிஎம்மின் பழைய தண்டவாளத்தில் வந்தது. 1996இல் ஸ்டார் என்ற தனியார் நிறுவனம் அம்பாங் தடத்தைத் திறந்தது. 1998இல் புத்ரா என்ற இன்னொரு நிறுவனம் இப்போதைய கிளானா ஜெயா தடத்தைத் திறந்தது. விமான நிலைய ரயில் 2002இல் வேறொரு நிறுவனத்தின் கையில் ஓடத் தொடங்கியது. 2003இல் மோனோரயில், அதற்கும் தனி நிறுவனம். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அடுத்தவர் நிலையத்துக்குக் கதவு வைத்துக் கட்ட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஸ்டாரும் புத்ராவும் கடனில் மூழ்கிய பிறகு அரசாங்கத்தின் பிரசரானா அவற்றை எடுத்துக்கொண்டது, பின்னர் மோனோரயிலையும் எடுத்தது. உரிமையாளர் ஒன்றானாலும் சுவர்கள் அப்படியே நின்றன.

மஸ்ஜிட் ஜாமேக் நிலையம் அதற்கு நல்ல சாட்சி. ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாற, வெளியே வந்து, புது டிக்கெட் வாங்கி, மீண்டும் உள்ளே போக வேண்டியிருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2011இல்தான் அந்தத் தடுப்பு நீங்கியது. தொடர்ந்து ஹாங் துவா, தித்திவங்சா நிலையங்களிலும் அதே வேலை நடந்தது. புதிய தண்டவாளம் எதுவும் போடாமலேயே பயணம் எளிதாயிற்று. ஆக, இது முடியாத காரியமில்லை.

கேடிஎம் இன்னும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது. இந்த இடத்தில்தான் நம் சமூகத்துக்கு நேரடிப் பாதிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் கோலாலம்பூரில் முதலில் கேட்பது எது? பத்துமலை. அங்கே ஒரே ஓர் ரயில்தான் போகிறது, அது கேடிஎம் கொமுட்டர். 2010இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் கோயில் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் முருகன் சிலை. நாட்டில் ஒரு வழிபாட்டுத் தலத்துக்கு இவ்வளவு அருகில் ரயில் நிலையம் அமைவது பெரிய வசதி. ஆனால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரெப்பிட் பேருந்து அனைத்திலும் செல்லும் ரெப்பிட் கே.எல். பாஸ்கள் கொமுட்டரில் செல்லாது. குடிமக்களுக்கான மாதம் 50 வெள்ளி 'மை50' பாஸும் அப்படித்தான்.

அதைவிடப் பெரிய குறை, ரயில் வரும் இடைவெளி. நெரிசல் இல்லாத நேரத்தில் பத்துமலைத் தடத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு இரவு பகலாகக் கூடுதல் ரயில்கள் ஓடுவதைப் பார்க்கிறோம். அதாவது, ஓட்ட முடியும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ரயிலைத் தவறவிட்ட குடும்பம் என்ன செய்யும்? கிராப் அழைக்கும். ஒரு முறை அழைத்தால் அடுத்த முறை ரயில் பக்கமே வராது.

(கொமுட்டர் பற்றி இன்னொன்று. நடுவிலுள்ள இளஞ்சிவப்புப் பெட்டி பெண்களுக்கு மட்டும் என்பது 2010 முதல் நடப்பில் உள்ளது. மனைவி பின்னால் ஏறிவிட்டு அடுத்த பெட்டிக்கு அனுப்பப்படும் கணவன்மார்களை வாரம்தோறும் பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.)

அடுத்து, பெயர்க் குழப்பம். கே.எல். செண்ட்ரலில் இருந்து எம்ஆர்டி பிடிக்க வேண்டுமென்றால் நடைபாதை வழியே போய் ஏற வேண்டிய நிலையத்தின் பெயர் 'முசியும் நெகாரா'. நடந்து சேரும் தூரம்தான். ஆனால் வரைபடத்தில் 'கே.எல். செண்ட்ரல் எம்ஆர்டி' என்று தேடுகிறவருக்கு அப்படியொரு நிலையமே கிடையாது. மோனோரயிலில் 'புக்கிட் நானாஸ்', நடந்துபோய் எல்ஆர்டி ஏறினால் 'டாங் வாங்கி'. எல்ஆர்டியில் 'பண்டாராயா', கொமுட்டரில் 'பேங்க் நெகாரா'. எல்ஆர்டியில் 'பிளாசா ராக்யாட்', எம்ஆர்டியில் 'மெர்டேக்கா'. இணைந்திருக்கும் இரு நிலையங்களுக்கு இரு வேறு பெயர். போதாக்குறைக்குப் பெயர் உரிமையை விற்கிறார்கள். புக்கிட் பிந்தாங்கில் மோனோரயில் நிலையத்துக்கு ஒரு விமான நிறுவனத்தின் பெயர் முன்னொட்டு, எம்ஆர்டி நிலையத்துக்கு ஒரு பேரங்காடியின் பெயர் முன்னொட்டு. இரண்டும் ஒரே சந்திப்பில் இருப்பதை விருந்தாளி எப்படி ஊகிப்பார்?

நம்மவர்களும் குழப்பத்துக்குக் கொஞ்சம் பங்களிக்கிறோம். 'லிட்டில் இந்தியாவுக்குப் போங்க' என்று சொல்லிவிடுகிறோம். எந்த லிட்டில் இந்தியா? கே.எல். செண்ட்ரலுக்கு எதிரே உள்ள பிரிக்ஃபீல்ட்ஸா, மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் இறங்கிப் போகும் மஸ்ஜிட் இந்தியாவா, கிள்ளான் கொமுட்டர் நிலையத்துக்கு அருகிலுள்ள தெங்கு கிளானா சாலையா? கிள்ளான் என்றால் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தமிழில் எழுதும்போதும் ஒரே நிலையம் மஸ்ஜித் ஜமேக், மஸ்ஜிட் ஜாமேக், மஸ்ஜிட் ஜாமிக் என்று பல உருவம் எடுக்கிறது. சிங்கப்பூரில் நிலையப் பலகையிலேயே தமிழ் இருப்பதால் அங்கே ஒரு எழுத்துமுறை நிலைத்துவிட்டது. இங்கே பலகையில் தமிழ் இல்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் வழி எழுதி அனுப்புகிறவர்கள், தமிழில் எழுதுவதோடு பலகையில் உள்ள மலாய்ப் பெயரைப் படமாகவும் அனுப்பினால் வயதானவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவதிலும் இதே கதைதான். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிடத்தில் முதல் முனையத்திலிருந்து கே.எல். செண்ட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். பெரியவருக்கு 55 வெள்ளி. நான்கு பேர் என்றால் 220 வெள்ளி, நம் ஆட்கள் ரூபாயில் கணக்குப் போட்டதும் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறந்த பிறகு மலிவான வழி ஒன்று கிடைத்திருக்கிறது. அதே தண்டவாளத்தில் நின்று நின்று போகும் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் ஏறி, புத்ராஜெயா நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே எம்ஆர்டிக்கு மாறினால், எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் பாதிக்கும் குறைவான செலவில் நேரே டிஆர்எக்ஸ், கேஎல்சிசி பக்கம் போய்விடலாம். நேரம் கூடுதலாகும். பெட்டி நிறைய இருந்தால் சிரமம். இரண்டு பேர், இரண்டு பை என்றால் நல்ல வழி. இதை வருகை மண்டபத்தில் எடுத்துச் சொல்வார் யாரும் இல்லை. பேருந்தும் இருக்கிறது, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் நெடுஞ்சாலை நெரிசலுக்கு உத்தரவாதம் இல்லை.

விருந்தாளி என்றால் வெளிநாட்டவர் மட்டும் அல்ல. சுங்கை சிப்புட்டிலிருந்தும் கூலிமிலிருந்தும் கோலாலம்பூர் மருத்துவமனையின் தேதிக்காக வருகிறார்களே, அவர்களுக்கும் இது புது ஊர்தான். அவர்களுக்கு ரயில் தவறினால் தரிசனம் தள்ளிப்போவதில்லை, மருத்துவரின் தேதியே போய்விடுகிறது. முன்பு புடுராயாவில் இறங்கினால் நகரத்தின் நடுவில் இருந்தோம். இப்போது விரைவுப் பேருந்துகள் தெற்கே டிபிஎஸ் முனையத்தில் விடுகின்றன. தொலைவு என்று பலரும் அங்கேயே டாக்சி பிடிக்கிறார்கள். தேவையில்லை. டிபிஎஸ்ஸை ஒட்டியுள்ள பண்டார் தாசேக் செலாத்தானில் ஸ்ரீ பெட்டாலிங் தட எல்ஆர்டியில் ஏறினால் மாறாமலே தித்திவங்சா போகலாம். அங்கிருந்து எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம், நிலையத்தின் பெயரே 'ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்'. இடிஎஸ்ஸில் கே.எல். செண்ட்ரல் வருபவர்களுக்கு இரண்டு வழி: பேரங்காடியைக் கடந்து மோனோரயிலில் தித்திவங்சா போவது, அல்லது முசியும் நெகாராவுக்கு நடந்து, எம்ஆர்டியில் டிஆர்எக்ஸ் சென்று, வெளியே வராமலே அடுத்த தடத்துக்கு மாறுவது. டிஆர்எக்ஸ் நிலையத்தைப் போய்ப் பாருங்கள். மாறும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே மாதிரி.

எல்லா ரயிலுக்கும் பொதுவாக இப்போது இருப்பது டச் என் கோ அட்டை ஒன்றுதான். வந்திறங்கியதும் விருந்தாளிக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி, ஆளுக்கு ஓர் அட்டை வாங்கி, பணம் ஏற்றிக் கையில் கொடுப்பது. கொமுட்டர் கேட்டும் திறக்கும், ரொக்கம் வாங்காத ரெப்பிட் பேருந்திலும் ஏறலாம், டோக்கன் இயந்திரம் பெரிய நோட்டை ஏற்காமல் திருப்பித் தள்ளும் தொல்லையும் இல்லை. ஒரே அட்டையை இருவர் தட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் குடும்பங்கள் தனியாகச் சமாளிப்பது. அரசாங்கம் செய்ய வேண்டியது வேறு. பிரசரானா நிதியமைச்சின் நிறுவனம். கேடிஎம் போக்குவரத்து அமைச்சின் கண்காணிப்பில். விமான நிலைய ரயில் தனியார் கையில். நடைபாதையும் கோ கே.எல். பேருந்தும் மாநகர் மன்றத்திடம். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்காகப் போடப்பட்ட மஞ்சள் தடக்கற்களின் மீது மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்றால், அதை ரயில் நிறுவனத்திடம் புகார் செய்து பயனில்லை. இரு நிலையங்களுக்கு ஒரே பெயர் வைக்க வேண்டும் என்றாலும் நான்கு மேசைக்குக் கோப்பு போக வேண்டும். சென்னையில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். அங்கேயும் மூன்றும் வெவ்வேறு நிர்வாகங்கள்தான், புறநகர் ரயில் மத்திய அரசின் ரயில்வேயைச் சேர்ந்தது. அங்கிருந்து வருகிறவர்களிடம் நம் நான்கு நிர்வாகங்களைக் காரணம் சொல்வது எடுபடாது.

இதில் செலவு குறைந்ததும் நமக்கு உடனே பயன்படுவதும் இரண்டு. ரெப்பிட் கே.எல். பாஸ் கே.எல். செண்ட்ரல் முதல் பத்துமலை வரையிலாவது கொமுட்டரில் செல்லட்டும். வார இறுதியில் அந்தத் தடத்தில் ரயில் இடைவெளி அரை மணிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கம்போங் பத்துவில் எம்ஆர்டியும் கொமுட்டரும் ஏற்கெனவே சந்திக்கின்றன, அங்கிருந்து பத்துமலை இரண்டே நிறுத்தம். கேஎல்சிசி பார்த்துவிட்டு அந்த வழியாகக் கோயிலுக்குப் போகும் குடும்பம் இன்று கம்போங் பத்து மேடையில் உட்கார்ந்து, இரண்டு நிறுத்தப் பயணத்துக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க நேர்கிறது. நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தைப்பூசத்துக்கு முன் ரயில் ஏற்பாடுகள் பற்றி அறிக்கை விடுவது வழக்கம். மற்ற ஐம்பத்தொரு வாரங்களின் கால அட்டவணையைப் பற்றியும் அவர்கள் போக்குவரத்து அமைச்சிடம் கேட்கலாம்.