காற்றாலைக்கு எண்ணத் தெரியுமா?

இந்த வாரம் கரன்ட் மேட்டர். 'நான் ட்ரிபிள் இ இல்லையே'னு ஓடிடாதீங்க, கதை செம த்ரில்!

2016 செப்டம்பர் 28, சாயங்காலம் நாலேகால் வாக்குல தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துல பேய்ப் புயல். 275 கிலோவோல்ட் டவர்கள் சாய, லைன்கள் அடுத்தடுத்து அவுட். ரெண்டே நிமிஷத்துல வோல்டேஜ் ஆறு தடவை சட்டுனு இறங்கி ஏறுச்சு. முதல் சில இறக்கங்களைக் காற்றாலைகள் சமாளிச்சுட்டுதான் இருந்தன. ஆனா, பல மெஷின்களுக்குள்ள சத்தமில்லாம ஒரு கவுன்ட்டர் ஓடிட்டு இருந்திருக்கு! 'இத்தனை தடவைக்கு மேல வோல்டேஜ் விழுந்தா உற்பத்தியைக் குறைச்சிடு' என்று சாஃப்ட்வேரில் ஒரு செட்டிங். எண்ணிக்கை தாண்டுச்சு... ஏழு செகண்டுக்குள்ள 456 மெகாவாட் காலி. அந்தச் சுமை மொத்தமும் பக்கத்து விக்டோரியாவிலிருந்து வர்ற லைன் மேல ஏற, அதுவும் ட்ரிப். மாநிலமே கும்மிருட்டு. பாதிக்கப்பட்டது சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள்!

கொடுமை என்னன்னா, கிரிட்டை நடத்துற ஏஇஎம்ஓ அமைப்புக்கு இப்படி ஒரு செட்டிங் இருக்குறதே தெரியாது. அவங்க சிமுலேஷன் ஓட்டிப் பார்க்குற மாடல்ல அது இல்லவே இல்லை.

அனல் நிலைய ஜெனரேட்டர்னா டன் கணக்குல சுத்துற இரும்பு. கிரிட்ல அடி விழுந்தா அது எப்படி ஆடும்னு நம்ம மெஷின்ஸ் புத்தகச் சமன்பாடே சொல்லிடும். சோலாரும், இந்தக் காலக் காற்றாலையும் அப்படியில்ல. இன்வெர்ட்டர் வழியா வர்ற கரன்ட் எப்படி நடந்துக்கணும்னு முடிவு பண்றது யாரோ எழுதின கோடிங்!

அதனால 2018-ல் ஏஇஎம்ஓ புது வழிகாட்டுதல் போட்டது. கிரிட்ல சேரணுமா? மைக்ரோசெகண்டு கணக்குல அலைவடிவத்தையே காட்டுற இஎம்டி மாடலைக் கொடு. பிளான்ட் ஓட ஆரம்பிச்சதும், நிஜ அளவீடு மாடலோட ஒத்துப்போகுதுன்னும் நிரூபி. படா வேலை பாஸ்! ஆனா, கேட்டதுல தப்பே இல்லை.

கம்பெனிகளுக்கோ கோடிங் தொழில் ரகசியம். அதனால மாடலைப் பூட்டித்தான் கொடுப்பாங்க. ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எனக்கு உறுத்துறது இங்கேதான். அந்தக் காற்றாலைகள்ல செட்டிங்கை மாத்தினதும் அதுக்கு மேலயும் இறக்கங்களைத் தாங்க ஆரம்பிச்சிடுச்சு. சரி, நாளைக்கு ஒரு பூட்டின பெட்டிக்குள்ள வேற ஏதாவது கவுன்ட்டர் இருந்தா? கண்டுபிடிக்கணும்னா, வோல்டேஜை ஆறாவது தடவையும் இறக்கிப் பார்ப்போமேனு யாருக்காவது தோணணுமே!