வாசகர் கேள்வி: வீட்டிலேயே ஃபோர் வீல் ஜீப் கட்டலாமா?

"பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பிரித்து, மலைத்தோட்டத்துக்கு ஏற்ற ஃபோர் வீல் ஜீப்பாகக் கட்டிவிடலாம் என்கிறான் மகன். அதற்காக நகையை அடகு வைக்கலாமா, வேண்டாமா?"

- ஒரு வாசகி, தாண்டிக்குடி மலைப்பகுதி, திண்டுக்கல் மாவட்டம்.

கேள்வி இரண்டு வரிதான். கூடவே வந்த கடிதம் நான்கு பக்கம். மூன்று ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. கோடையில் எந்த வண்டியும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடகை ஜீப் மட்டுமே ஏறும், அதுவும் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. போன வருடம் 45 நடை, நடைக்கு 1,000 ரூபாய் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மாமனாரை, கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியதையும் எழுதியிருக்கிறார். மகன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர். டூ வீல் டிரைவ் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி முன் ஆக்சில் மாட்டி ஃபோர் வீலாக மாற்ற மொத்தம் 3 லட்சம் ஆகும் என்பது மகனின் கணக்கு. கணவருக்கு மனமில்லை. பக்கத்துத் தோட்டம் கொழுந்தனாருடையது, அவரும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்.

முதலில், என்ன வித்தியாசம்?

டூ வீல் ஜீப்பில் எஞ்சினின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஃபோர் வீல் ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டி உண்டு. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னுக்கும் ஒரு ஷாஃப்ட் முன்னுக்கும் போகும். அந்தப் பெட்டியிலேயே 'லோ' என்ற தனிக் கியரும் இருக்கும். அதைப் போட்டால் வேகம் குறையும், சக்கரத்தில் இழுவை சுமார் இரண்டரை மடங்காகும். மலைப்பாதையில் ஏற்றத்துக்கு உதவுவதைவிட, இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் இந்த லோ கியர் பெரிய துணை.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் அமைப்பு இது. 1947-ல் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் அந்த ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த வண்டிகள்தான் இன்றும் நம் மலைத்தோட்டங்களில் ஓடுகின்றன. அமைப்பு எளிமையானது, பாகங்கள் பழைய சாமான் கடைகளில்கூடக் கிடைக்கும். அதனால்தான் 'வீட்டிலேயே கட்டிவிடலாம்' என்ற ஆசை மெக்கானிக் படித்த பிள்ளைகளுக்கு வருகிறது. அந்த ஆசையில் தவறில்லை.

டூ வீலை ஃபோர் வீலாக மாற்றலாமா?

பட்டறையில் முடியும், சட்டத்தில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். வெவ்வேறு வண்டிகளின் சேஸிஸ், எஞ்சின், பாடியைச் சேர்த்துப் புதிதாக ஒரு வண்டி கட்டினாலோ, அது அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறிச் சான்று பெறாமல் பதிவே ஆகாது. ஒரு வீட்டுக்காரரால் ஆகிற காரியம் அல்ல அது.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். மாற்றிக் கட்டிய வண்டி விபத்தில் சிக்கினால், 'இது நாங்கள் காப்பீடு செய்த வண்டியே அல்ல' என்று கம்பெனி கையை விரிக்க வழியுண்டு. வண்டியில் வந்த கூலியாளுக்கு அடிபட்டால், இழப்பீடு கடைசியில் தோட்டத்தின் மேல் வந்து விழும். அடகு வைத்த நகையோடு போகாது.

'தோட்டத்துக்குள் மட்டும்தானே ஓட்டப்போகிறோம்' என்ற வாதமும் இங்கே பொருந்தாது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள பாதை, மண்பாதையானாலும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். அந்த மூன்று கிலோமீட்டர் பாதையை மற்ற தோட்டக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள் என்று கடிதமே சொல்கிறது.

அப்படியானால் மகனின் கைத்தொழில் வீணா?

இல்லை. மாற்றிக் கட்டுவதுதான் கூடாது. பழுதுபார்த்துப் புதுப்பிக்கத் தடையில்லை. கம்பெனியிலிருந்தே ஃபோர் வீலாக வந்த பழைய ஜீப்பை வாங்கி, அதே அமைப்பில் எல்லாவற்றையும் சரிசெய்வதுதான் இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. எஞ்சினையே மாற்ற வேண்டியிருந்தால் மட்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி வெல்டிங் அல்லது தேய்ப்பு இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. ஆர்.சி.யில் உள்ள மாடல், கம்பெனி ஃபோர் வீலாக விற்ற மாடல்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே யாரோ மாற்றிக் கட்டிய ஜீப்புகளும் சந்தைக்கு வருகின்றன.

3. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு வரைதான். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த ஆர்.சி. கையில் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. 29, 30-ம் எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்து வேண்டும்.

4. சேஸிஸின் அடிப்பக்கம், பிளேட் பட்டை மாட்டும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம் ஆகிய மூன்றிலும் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பாடி துருவை டிங்கரிங்கில் சரிசெய்யலாம். சேஸிஸ் துருத்துப்போனால் வண்டியே போன மாதிரி.

5. விற்பவர் முன்னிலையில் மண் தரையில் ஃபோர் வீலும் லோ கியரும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பல வருடம் தொடாத லீவர் இறுகிக் கிடக்கும்.

எதை முதலில் செய்வது?

இளைஞர்கள் முதலில் வாங்குவது பெரிய டயர், கடைசியில் பார்ப்பது பிரேக். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் பாதை. ஒரு இடத்தில் பைப் வெடித்தால் நான்கும் போய்விடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், பைப், ஹோஸ், பிரேக் ஷூ, ஹேண்ட் பிரேக் ஆகியவைதான் முதல் செலவு. அடுத்தது ஸ்டீயரிங், பிளேட் பட்டை. மூன்றாவது முன், பின் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சின் நான்காவது. பெயிண்ட் கடைசி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆக்சில் பழுதாகி கிரவுன் பினியன் மாற்ற நேர்ந்தால், முன்னும் பின்னும் பல் விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால் ஃபோர் வீல் போட்டதும் ஒன்றையொன்று இழுத்து, பல் உடையும். பெரிய டயர் போட்டு உயரத்தை ஏற்றினால் வண்டி எளிதில் கவிழும், பிரேக்குக்கும் ஆக்சிலுக்கும் சுமை கூடும். கம்பெனி சொன்ன அளவில் நல்ல பட்டன் உள்ள டயரே போதும்.

வீட்டில் வேலை செய்யும்போது உயிருக்கு உலை வைப்பவை மூன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது; ஸ்டாண்ட் அல்லது கனமான மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். காலியான டீசல் டேங்க்கிலும் ஆவி நிற்கும், அதில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். பழைய பிரேக் ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சேஸிஸ், ஸ்டீயரிங், பிரேக் சம்பந்தமான வெல்டிங்கை அனுபவமுள்ள பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

நகை அடகு கணக்கு

போன வருடம் வாடகைக்குப் போனது 45,000 ரூபாய். 3 லட்சம் கடனுக்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலே வருடத்துக்கு 36,000. மிச்சம் 9,000 ரூபாயில் டீசல், இன்சூரன்ஸ், டயர், பழுது எல்லாம் ஆகாது. அசலைத் திருப்ப ஒன்றும் இருக்காது. வெறும் பணக்கணக்கில் இது நட்டம்.

'அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்டி ஈடுகட்டலாம்' என்று மகன் நினைக்கக்கூடும். சொந்த உபயோகப் பதிவுள்ள ஜீப்பில் கூலி வாங்கிக்கொண்டு ஆளோ சரக்கோ ஏற்றினால் பெர்மிட் மீறல். விபத்து நடந்தால் அங்கேயும் இன்சூரன்ஸ் சிக்கல்தான்.

ஆனால் கட்டிலில் தூக்கிப் போன மாமனாரை எந்த நோட்டில் எழுதுவது? அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் 'நட்டம்' என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை. வழி ஒன்று இருக்கிறது. அது கடிதத்திலேயே இருக்கிறது: கொழுந்தனார். இரு குடும்பமும் பாதிப் பாதி போட்டு, கம்பெனி ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கினால் கடன் 1.5 லட்சம், வட்டி வருடத்துக்கு 18,000. பராமரிப்பு மகன் கையில். யார் பெயரில் ஆர்.சி., யார் எவ்வளவு போட்டது, எந்த நாள் யாருக்கு, பழுதுச் செலவு எப்படி என்பதை வண்டி வரும் முன்பே தாளில் எழுதி, இரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பி ஜீப்பால் பிரிந்தார்கள் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது.

கொழுந்தனார் ஒத்துவரவில்லை என்றால், இந்த வருடம் நகையைத் தொட வேண்டாம். பாதையில் வழுக்கும் திருப்பங்களில் கல் பாவி, ஓரம் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்தாலே மழைக்காலத்தில் பாதிச் சிரமம் குறையும். அதில் பயனடையும் மற்ற தோட்டக்காரர்களிடமும் பங்கு கேட்கலாம். தண்ணீர் நின்று குழியான பாதையில் எந்த ஃபோர் வீலும் ஒரு நாள் சிக்கத்தான் செய்யும்.

"ஃபோர் வீல் போட்டபடி மண்பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு வந்தால் ஸ்டீயரிங் இறுகுகிறது, லீவரும் எடுக்க வரவில்லை. பழுதா?"

- ஒரு வாசகர், கொல்லிமலை.

பெரும்பாலும் பழுது இல்லை, பழக்கம்தான். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டுப்பட்டிருக்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்க முடியாததால் முறுக்கு ஷாஃப்டுகளில் ஏறி, லீவரை இறுக்கிப் பிடிக்கும். வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால் முறுக்கு விடும், லீவர் தானாக வரும்.

தார் ரோட்டைத் தொடும் முன்பே ஃபோர் வீலை எடுத்துவிடுவது நல்லது. மண்பாதையில் நேராகப் போகும்போதும் இறுக்கம் இருந்தால், முன், பின் டயர் அளவு ஒன்றாக இருக்கிறதா, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் ஆக்சிலைத் திறந்து கிரவுன் பினியன் பல்லை எண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது.