அளவுகோல் யார் கையில்?



'மாடஸ்டி' என்னும் ஆங்கிலச் சொல் நம் சபைகளில் இன்று பெரும்பாலும் ஒரே பொருளில்தான் ஒலிக்கிறது. வாலிபப் பெண்ணின் சட்டைக் கை எவ்வளவு நீளம், துப்பட்டா இருக்கிறதா இல்லையா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இது அச்சொல்லுக்கும் அநீதி, வேதத்துக்கும் அநீதி.

இலத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து வந்த 'மொடெஸ்டியா' என்பது அளவறிந்து நடக்கும் பண்பைக் குறித்தது. கோபத்துக்கும் பேச்சுக்கும் செலவுக்கும் ஆசைக்கும் அது பொருந்தியது, ஆணுக்கும் பொருந்தியது. 'மாடரேட்', 'மாடல்', 'மாடர்ன்' ஆகியவையும் அதே வேரில் முளைத்தவையே. மாடர்ன் வேண்டாம், மாடஸ்டி வேண்டும் என்று முழங்குவோர் இவ்விரண்டும் உடன்பிறந்த சொற்கள் என்பதை அறிவது நலம்.

நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனம் 1 தீமோத்தேயு 2:9. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அங்கே 'மாடஸ்ட்' என்ற சொல்லை வைத்தது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கொஸ்மியோஸ்'. ஒழுங்குள்ள, சீரான என்பது அதன் பொருள். பவுல் அவ்வசனத்தில் விலக்குபவை யாவை? அலங்காரப் பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை. அவர் பெயர் சொல்லிக் கண்டிப்பது செல்வத்தின் பகட்டை. அடுத்த வசனத்தில் நற்கிரியைகளையே அலங்காரமாகக் காட்டுகிறார்.

இன்னும் கேளுங்கள். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது: அதே நிருபம், 3:2. அங்கே அது கண்காணியானவனுக்கு விதிக்கப்பட்ட தகுதி. பெண்ணின் ஆடைக்குக் கேட்கப்படும் அதே சீர், மேய்ப்பனின் வாழ்வுக்கும் கேட்கப்படுகிறது. முதல் இடத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் பல. இரண்டாம் இடத்தைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறீர்கள்?

நாஞ்சில் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் இச்சொல்லை இலேசாக எடுக்கலாகாது. திருவிதாங்கூர் அரசில் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. மேல்சாதியார் முன் மார்பை மூடாதிருப்பதே மரியாதை எனப்பட்டது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிந்தனர், அதற்காகத் தாக்கப்பட்டனர். ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் வற்புறுத்திய பிறகே, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பிரகடனம் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக்கூடாது! மூடலாம், ஆனால் எப்படி மூடுவது என்பதை அளப்பவர் வேறொருவர். அன்று அப்பெண்கள் போராடியது துணிக்காக மட்டுமன்று. தங்கள் உடலின் அளவுகோலைத் தாங்களே ஏந்துவதற்காக. அந்தப் பாட்டிமாரின் பேத்திகளை ஆலய வாசலில் நிறுத்தி அளக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

அப்படியானால் எப்படியும் உடுத்தலாமோ என்று சிலர் கேட்பீர்கள். அவ்வாறு நான் சொல்லவில்லை. நாணமும் தெளிந்த புத்தியும் அதே வசனத்தில் உள்ளன. ஆனால் அவை உள்ளத்தில் பிறப்பவை. வாசலில் நிற்பவரின் பார்வையால் புகுத்தப்படுபவை அல்ல. அளவு என்று ஒன்று இருக்குமானால் அது எல்லார்க்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து உஸ்மான் சாலை தொலைவில் இல்லை. நம் திருமணங்களில் மணமகளின் கழுத்திலும் கையிலும் மின்னும் பொன்னை யாராவது அளவு மீறியதென்று கண்டித்ததுண்டா? பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பொன்னைப் பாராட்டுகிறோம். அவர் குறிப்பிடாத சட்டைக் கையைக் கடிந்துகொள்கிறோம். அந்தப் பகட்டைக் கண்டு, உடுத்தத் தக்க பட்டு இல்லையென்று திருமணத்துக்கே வராமல் நின்றுவிடும் ஏழைச் சகோதரியை எண்ணுங்கள். உடைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டு, அடுத்த ஞாயிறு முதல் ஆராதனைக்கு வராத மகளையும் எண்ணுங்கள். இருவரையும் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தியது நம் கோணல் அளவுகோல்.

இவ்வாரம் அதை முதலில் நம் பீரோவின் மேலும், நம் பணப்பையின் மேலும், நம் நாவின் மேலும் வைத்துப் பார்ப்போமாக.

ஆண்டவரே, பிறரை அளக்கும் கையை அடக்கி, எங்களையே அளந்தறியும் கிருபையைத் தாரும். ஆமென்.