35,000 ரூபாய் ரோஜா பெர்ஃப்யூம்... இஎம்ஐ போட்டு வாங்கலாமா?

சாயங்காலம் ஆறரை மணி. சிறுசேரி சிப்காட்ல கிளம்பின கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சாச்சு. ஆனா, நாவலூர் தாண்ட அரை மணி நேரம் ஆகும். போனை எடுக்கறீங்க. ரீல்ஸ்ல ஒருத்தர் மணிக்கட்டை மோந்து பார்த்துட்டு, சொக்கிப்போய் கண்ணை மூடுறார். ‘நிஜமான ரோஜா’வாம். அடுத்த நிமிஷமே ஷாப்பிங் ஆப்ல அதே மாதிரி ஒரு பாட்டில். விலை 35,000 ரூபாய். அதுக்குக் கீழே, ‘மாதம் 2,917 ரூபாய் மட்டுமே’.

பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. வாங்கவே கூடாதுன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. அந்த 35,000 ரூபாய் எதுக்காகப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. அவ்வளவுதான்.

பாட்டிலுக்குள்ள எவ்வளவு ரோஜா இருக்கு?

ரோஜா எண்ணெய் விலை உயர்ந்ததுதான். அதில் பொய் இல்லை. பெர்ஃப்யூமுக்குப் பயன்படும் டமாஸ்க் ரோஜா, பல்கேரியாவின் கஸான்லக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்ட்டாவிலும்தான் அதிகம் விளைகிறது. வருஷத்துக்குச் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். வெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கையால் பறிக்க வேண்டும். இப்படிப் பறித்த பூக்களில் 3,000 முதல் 5,000 கிலோ வரை காய்ச்சி வடித்தால்தான் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

நம்ம ஓசூரிலும்தான் ரோஜா விளையுது, காதலர் தினத்துக்கு வெளிநாடு வரைக்கும் போகுதேன்னு கேட்கலாம். அது அழகுக்காகவும், வாடாமல் பல நாள் நிற்பதற்காகவும் வளர்க்கப்படும் ரகம். அதில் வாசம் குறைவு. எண்ணெய் எடுக்கத் தோதான ரோஜா வேற.

இப்போ ஒரு கணக்கு. ரோஜா பெர்ஃப்யூம் பிரியர்கள் கொண்டாடும் ஒரு பெயர், ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்தின் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’. 2010-ல் வந்தது. 100 மில்லி பாட்டிலில் 400 ரோஜாக்களின் சாரம் இருக்கிறது என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் பெருமை. ரோஜாவை அள்ளிக் கொட்டிச் செய்த பெர்ஃப்யூம் என்றே அதற்குப் பெயர்.

ஒரு பூ 3 கிராம்னு வெச்சுக்கிட்டா, 400 பூ 1.2 கிலோ. 4,000 கிலோ பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய்ங்கிற கணக்குல, 1.2 கிலோ பூவுல கிடைக்கிறது 0.3 கிராம். ரோஜா எண்ணெய் கிலோ 10 லட்சம் ரூபாய்னே வெச்சுக்குங்க. அப்போ அந்த 0.3 கிராமோட விலை 300 ரூபாய். கணக்கு தோராயமானதுதான். இதை இரண்டு மடங்காக்கினாலும், ஏன் மூணு மடங்காக்கினாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டலை.

மீதிப் பணம் எங்கே போகுது?

மற்ற வாசனைப் பொருட்கள், ஆல்கஹால், கண்ணாடி பாட்டில், பெட்டி, அந்த வாசனையை வடிவமைத்தவரின் உழைப்பு, விளம்பரம், மால்ல பளபளன்னு இருக்கிற கடையோட வாடகை, கம்பெனி லாபம்... எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வெளிநாட்டுச் சரக்கா இருந்தா இறக்குமதி வரியும் சேரும்.

அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டால்கம் பவுடர் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பெர்ஃப்யூம் இறங்கவில்லை. 35,000 ரூபாயில் ஜிஎஸ்டி மட்டுமே 5,300 ரூபாய்க்கு மேல. அதாவது, நீங்க ரோஜாவுக்குக் கொடுக்கிறதைவிட அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது பல மடங்கு அதிகம்.

இதை ஏமாற்று வேலைன்னு சொல்லிட முடியாது. நல்ல பெர்ஃப்யூம் என்பது வெறும் ரோஜா எண்ணெய் இல்லை. பச்சோலி, சாம்பிராணி, சந்தனம், ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகள்னு பல பொருட்களைச் சேர்த்து, போட்டதும் ஒரு வாசம், மூணு மணி நேரம் கழிச்சு வேற வாசம் வர்ற மாதிரி அமைக்கிறது தனித் திறமை. அந்தத் திறமைக்குக் காசு கொடுக்கலாம். ஆனா, ‘நிஜ ரோஜா, அதனாலதான் இந்த விலை’ன்னு யாராவது சொன்னா, நம்ப வேண்டாம்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. லேபிளில் இருக்கிற சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் நிஜ ரோஜாவிலும் இருக்கும், ஆய்வகத்திலும் செய்யலாம்.

அப்போ ‘டூப்’ வாங்கிடலாமா?

துபாய் பிராண்டுகள் பலவும் பிரபல வாசனைகளை ஒட்டிச் செய்து, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. ஒரு பெர்ஃப்யூமில் என்னென்ன இருக்கிறது என்பதைக் கருவி வைத்துப் பெருமளவுக்குப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்பதால் இது சாத்தியமாகிறது. இது சரியாங்கிற கேள்வியில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2006 ஜூனில், லான்கோம் நிறுவனத்தின் ‘ட்ரெஸார்’ வழக்கில், வாசனைக்கும் காப்புரிமை உண்டு என்றது நெதர்லாந்து உச்ச நீதிமன்றம். அதே மாதம் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கிடையாது என்றது.

ஆனா, இதையும் போலிச் சரக்கையும் குழப்பிக்காதீங்க. அதே பிராண்ட் பெயரும் அதே பாட்டிலும் போட்டு, பாதி விலைக்கு இன்ஸ்டாவில் வருவது போலி. உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதைத் தோலில் அடிச்சுக்காதீங்க.

அத்தரும் ஒரு வழி. கன்னோஜில் செப்பு அண்டாவில் ரோஜாவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் முறை இன்றும் இருக்கிறது. ஆனா, அசல் ரோஜா அத்தரும் மலிவு கிடையாது. ரோட்டோரத்தில் 100 ரூபாய்க்கு ‘ரோஸ் அத்தர்’னு கிடைச்சா, மேலே போட்ட கணக்கை ஒருமுறை நினைச்சுக்குங்க. வாசம் பிடிச்சிருந்தா வாங்கிக்கலாம், ரோஜான்னு நினைச்சு வாங்காதீங்க.

ஓஎம்ஆர் வெயில் தாங்குமா?

ரீல்ஸ்ல ‘12 மணி நேரம் நிக்கும்’னு சொல்றவர் எந்த ஊர்ல இருக்கார்னு பாருங்க. கேளம்பாக்கத்துல ஷேர் ஆட்டோவுக்கு நின்னு, வேர்த்து, அப்புறம் எட்டு மணி நேரம் ஏசியில உட்கார்றது நம்ம வாழ்க்கை. சூட்டில் வாசம் சட்டுனு கிளம்பி, சீக்கிரமே அடங்கும். கனமான ரோஜா வாசம் நெருக்கடியான பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்குத் தலைவலியாகவும் மாறலாம்.

பெர்ஃப்யூமுக்கு வெயிலும் வெளிச்சமும் ஆகாது. பிஜி ரூம்ல ஏசி இல்லை, பாட்டில் ஜன்னல் ஓரம் நிக்குதுன்னா, ரெண்டு மூணு மே மாதம் தாண்டறதுக்குள்ள வாசம் மாற ஆரம்பிக்கலாம். பெரிய பாட்டில் வாங்கி, விசேஷத்துக்கு மட்டும்னு பூட்டி வைக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

இந்த நேரத்துல எதுக்கு இந்த ஆசை?

2025 ஜூலையில், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக டிசிஎஸ் அறிவித்தது. சிறுசேரியில் அவர்களுக்குப் பெரிய வளாகம் இருக்கிறது. அந்தச் செய்தி வந்த வாரம், இந்த ரோட்டில் எத்தனை பேர் பயத்தோட பஸ் ஏறியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஐடி சேவை நிறுவனங்களில் புதுசா சேர்றவங்க சம்பளமோ பல வருஷமாகவே ஆண்டுக்கு 3, 4 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. கைக்கு வர்றது மாசம் 25,000 முதல் 30,000. அந்த பாட்டில் ஒரு மாச சம்பளத்தைவிட அதிகம்.

நிலைமை ஆட்டம் காணும்போது சின்னச் சின்ன சொகுசுகள் மேல ஆசை கூடும் என்பது பழைய கணிப்பு. 2001 பொருளாதார மந்தத்தில் லிப்ஸ்டிக் விற்பனை ஏறியதைக் காட்டி இதைப் பேசியவர், எஸ்டே லாடர் நிறுவனத்தின் லெனார்டு லாடர். வீடு வாங்க முடியலை, கார் வாங்க முடியலை, இதையாவது வாங்குவோமேங்கிற மனசு. அது தப்பான மனசு இல்லை. நாள் முழுக்க ஸ்கிரீனையே பார்க்கிறவருக்கு ஒரு நல்ல வாசம் பெரிய ஆறுதல். ஆனா, அந்த ஆறுதலை ஒரு வருஷக் கடனா மாத்தும்போதுதான் சிக்கல். வேலை போனாலும் இஎம்ஐ நிற்காது.

‘நோ காஸ்ட்’ங்கிற வார்த்தையும் உங்களை ஏமாத்த வேண்டாம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணம், வட்டி மேல ஜிஎஸ்டின்னு ஏதோ ஒரு வடிவத்துல அது பில்லுக்கு வந்து சேரும்.

சரி, வாங்கலாமா... வேண்டாமா?

ஒரு ஸ்பிரே சுமார் 0.1 மில்லி. 100 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 1,000 ஸ்பிரே. நாளுக்கு நாலுன்னா 250 நாள் வரும். நாளுக்கு 140 ரூபாய். மதியச் சாப்பாட்டுக் காசு. தினமும் போட்டு, தினமும் ரசிப்பீங்கன்னா இது ஒரு கணக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவைன்னா வேற கணக்கு.

அதனால, முதல்ல கடைக்குப் போய் காகிதத்துல இல்லாம கையில அடிச்சுப் பாருங்க. அன்னைக்கே பில் போடாதீங்க. வெளியில வந்து வெயில்ல நடங்க, பஸ் ஏறுங்க, ராத்திரி தூங்கப் போறப்போ மோந்து பாருங்க. பிடிச்சிருந்தா, பிராண்டே விற்கும் சின்ன சாம்பிளை வாங்கி ஒரு வாரம் ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போங்க. எட்டாவது நாளும் அதைத் தேடினீங்கன்னா, இருக்கிறதிலேயே சின்ன பாட்டில்.

காசு? ஆறு மாச செலவுக்கான அவசரப் பணம் தனியா இருக்கணும், இதுக்குன்னு சேர்த்த காசும் முழுசா கையில இருக்கணும். ரெண்டும் இருந்தா வாங்கிக்குங்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இல்லைன்னா, அந்த 2,917 ரூபாயை இந்த மாசத்துல இருந்து உங்க கணக்குலயே போட்டு வைங்க. 12 மாசம் கழிச்சு 35,000 ரூபாய் இருக்கும். அப்பவும் அந்த ரோஜா வேணும்னு தோணினா, கடனில்லாம போய் வாங்கிட்டு வாங்க.