குறை தோலில் இல்லை



சில வாரங்களுக்கு முன், நாம் பாடம் நடத்தும் பெண்கள் மதரஸாவுக்கு முன்னாள் மாணவி ஒருவரின் தாயார் வந்திருந்தார். நாற்பதைக் கடந்தவர். சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்தபின் உணவைக் குறைத்து, நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் நடந்து, இரண்டு ஆண்டுகளில் முப்பது கிலோ எடை குறைத்தவர். பல ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து தொழுதவர், இப்போது தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்கிறார். நாம் மாஷா அல்லாஹ் என்றோம். அவரோ கண்கலங்கினார்.

வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்குகிறதாம். இடுப்பெங்கும் வரிவரியான தழும்புகளாம். கணவர் “காற்றுப் போன பலூன்” என்கிறாராம். விருந்தினர் முன்னிலையில் மாமியாரும் அதையே சொல்லிச் சிரிக்கிறாராம். அறுவை சிகிச்சை கூடுமா என்று ஓர் ஆலிமிடம் கேட்டிருக்கிறார். “அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம். பொறுமையாக இருங்கள்” என்று ஒரே மூச்சில் பதில் வந்ததாம்.

அந்தப் பதில் நம்மை உறுத்தியது. பரிகசித்தவர்களுக்கு ஒரு சொல் கூட இல்லை. பரிகசிக்கப்பட்டவருக்குத்தான் தடையும் பொறுமையும். மார்க்கத்தின் பெயரால் பேசும் நம்மைப் போன்றவர்கள் இப்படிப் பாதி மார்க்கத்தைச் சொல்லிவிட்டு நகர்வதை இனியும் ஏற்க இயலாது.

முதலில் உடலின் உண்மையைப் பார்ப்போம். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் எனும் இழைகள் உள்ளன. உடல் பருத்து ஆண்டுக்கணக்கில் இழுபட்ட தோலில் அவை சேதமுறுகின்றன. எடை குறைந்தபின் தோல் பழைய நிலைக்கு முழுவதும் சுருங்குவதில்லை. எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை ஆண்டுகள் பருமன் இருந்தது, வயது என்ன, பரம்பரை எப்படி என்பவற்றைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். வரித் தழும்பு என்பதும் தோலின் உட்பகுதியில் விழும் வடுவே. முதலில் சிவந்தோ கருத்தோ தோன்றி, காலப்போக்கில் மங்கும். முற்றிலும் மறையாது. கர்ப்பத்திலும், வேகமாக வளரும் பருவத்திலும், உடல் பருக்கும்போதும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது வருகிறது. ஒரே மாதத்தில் தழும்பை அழிப்பதாகக் கூறிக் களிம்பு விற்பவர் பொய் விற்கிறார். வியாபாரத்தில் ஏமாற்றுவதன் சட்டம் அவருக்கும் பொருந்தும்.

அடுத்து, சட்டத்துக்கு வருவோம். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அழகை நாடிச் செய்வதே அங்கே தடுக்கப்பட்டது, சிகிச்சைக்காகவோ குறையை நீக்கவோ தேவைப்பட்டால் தவறில்லை என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் தேவைக்கு வழி திறக்கப்பட்டது. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தரும் குறையை நீக்கும் சிகிச்சையை அனுமதித்து, வெறும் மனஇச்சைக்காகத் தோற்றத்தை மாற்றுவதைத் தடுத்தது.

ஆகவே, கேள்வி கேட்டவரிடம் முதலில் நாம் விசாரிக்க வேண்டும். மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகிறதா? பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதா? நடக்க, குனிய இடைஞ்சலா? ஆம் எனில் அது சிகிச்சையின் வாசல். அதற்கும் எடை பல மாதங்கள் நிலையாக நிற்க வேண்டும். அறுவையால் நீண்ட தழும்பு உண்டாகும். இரத்தக்கசிவு, தொற்று, இரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. நல்ல மருத்துவரிடம் இவற்றைக் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். கடமையான குளிப்பில் மடிப்புகளின் உட்புறமும் நீர் சேர வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம். குளித்தபின் அந்த இடங்களை ஈரமின்றி ஒற்றித் துடைத்தால் புண்ணும் குறையும்.

ஆனால் அந்தச் சகோதரிக்குப் புண்ணும் இல்லை, வலியும் இல்லை. அவரை வருத்தியது அவர் வீட்டாரின் நாக்கு. நாக்குக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையை வயிற்றுக்குச் செய்யச் சொல்வது எந்த மருத்துவம்?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் பரிகாசத்தைத் தடுக்கும்போது ஆண்களைச் சொன்னதோடு நிற்காமல் பெண்களையும் தனியே குறிப்பிடுகிறது. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சொல்லால் சுட்டியபோது, அச்சொல் கடல்நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உம்முல் மூமினீனுக்கே அந்தக் கண்டிப்பு என்றால், விருந்துக் கூடத்தில் மருமகளின் வயிற்றைப் பேசுபவரின் நிலை என்ன? மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்வதை விரும்புவதுபோல், மனைவிக்காகத் தாமும் அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். தொப்பையைத் தடவிக்கொண்டே மனைவியின் தோலைக் கேலி செய்யும் கணவன்மார் அந்தச் சொல்லுக்கு முன் நிற்கட்டும்.

இன்னும் சிலர், நிக்காஹ் பேசும்போது பெண்ணின் தழும்பை ‘ஐபு’ என்று சொல்லி வேண்டுமா வேண்டாமா எனக் கூடிப் பேசுகிறார்கள். திருமணத்தை முறிக்கும் உரிமை தரும் குறைகளை ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் எண்ணிச் சொல்கின்றன: பைத்தியம், தொழுநோய், வெண்குஷ்டம், தாம்பத்தியத்துக்குத் தடையான உறுப்புக் குறைகள். அந்தப் பட்டியலில் வரித் தழும்பு இல்லை, தளர்ந்த தோலும் இல்லை. இமாம்கள் எழுதாத குறையை நம் வீட்டுக் கூடத்தில் யார் எழுதிச் சேர்த்தார்கள்?

உடல் அமானிதம் என்று நாம் மிம்பரில் ஓயாமல் சொல்கிறோம். ஒருவர் அந்த அமானிதத்தைப் பேணியதற்கு அவர் தோலில் சாட்சி இருக்கிறது. அதைப் பார்த்துத் துஆச் செய்ய வேண்டிய நாம் சிரிக்கிறோம்.

அந்தத் தாயாரிடம் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. “அடுத்த முறை உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்” என்றோம். அவர் வருவாரா என்பதை அல்லாஹ்வே அறிந்தவன். வந்தால், இங்கே எழுதியவற்றை அவர் முகம் பார்த்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். ஆலிம்களே, உங்கள் ஜும்ஆ உரைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். கேட்க வேண்டியவர்கள் அன்று முன் வரிசையிலேயே இருப்பார்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளின் தீங்கிலிருந்து நம் வீட்டாரைப் பாதுகாப்பானாக. ஆமீன்.