இமையை யார் காப்பது?

கண்ணை இமை காப்பதுபோல் பிள்ளைகளை வளர்க்கிறோம் என்கிறோம். அந்த இமைக்கே நோய் வந்தால் என்ன செய்வது?

காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். முடியின் அடியில் தலைப்பொடுகுபோல் செதில் தெரியும். ஓரம் சிவந்து அரிக்கும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். இதுதான் இமை அழற்சி. ‘கண்வலி’ என்று பயந்து சில பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கண்வலி பிறருக்கு ஒட்டக்கூடியது. இமை அழற்சி ஒட்டாது. எது என்று ஐயம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வீணாகப் பாடம் கெட வேண்டாம்.

இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் மைபோம் 1666-இல் இவற்றை விவரித்து எழுதினார். இந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காயாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகிச் சுரப்பியின் வாய் அடைத்தாலும், தோலில் வாழும் கிருமிகள் பெருகினாலும், தலைப்பொடுகு இருந்தாலும் இமை வீங்கும்.

வைத்தியம் எளிது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுங்கள். கொதித்தாறிய நீர் 10 பங்கு, குழந்தைகளுக்கான ஷாம்பு 1 பங்கு கலந்து, பஞ்சில் தொட்டு இமை ஓரத்தைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. காலை, மாலை இருவேளை. குணம் தெரியச் சில வாரம் ஆகும். தெரிந்தபின் தினம் ஒருவேளை போதும். நிறுத்தினால் திரும்பவும் வரும். அதுவரை கண்மை வேண்டாம்.

தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தும் ஆகாது. அதில் ஸ்டீராய்டு இருந்து நாள்கணக்காக விட்டால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது.

கண் கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ கைவைத்தியத்தோடு நிற்காமல் அன்றே தெலுக் இந்தான் அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்களுக்கு அடிக்கடி கண்கட்டி வந்தால் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நல்லது.

பல் துலக்க யாரும் சோம்புவதில்லை. இமைக்கும் தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், தாய்மார்களே!