பீரோவில் பூட்டிய கருவி மூச்சைத் தராது

தொண்டையில் சிக்கியதை வெளியே இழுக்கும் உறிஞ்சு கருவியைப் பள்ளிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், தொண்டை அடைத்து எந்தப் பிள்ளையும் சாகாது என்கிறார்கள். அரசு பணம் ஒதுக்கட்டும், மறுக்கவில்லை. எதற்கு முதலில் என்பதே கேள்வி.

காற்று முழுவதும் அடைபட்டால் நாலைந்து நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்த நிமிடங்கள் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர் கையில்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்குச் சுற்றுலா ஏறிய மாணவனுக்கு அடைத்தால், தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருக்கும் கருவி என்ன செய்யும்?

இந்தக் கருவிகளை நம்பி, நிலைபெற்ற முதலுதவியைத் தாமதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024-இல் எச்சரித்தது. அந்த முதலுதவிக்கு விலையில்லை. பிள்ளையை முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. பலிக்காவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேலே ஐந்து அழுத்தம். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அல்ல, மார்பில் அழுத்த வேண்டும்.

முதல் ரூபாய் ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் பெண்கள் ஆகியோரின் பயிற்சிக்கும் பயிற்சிப் பொம்மைகளுக்கும் போகட்டும். அடுத்தது, 108 ஊழியர்களுக்கு தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பும் சிக்கியதைப் பிடித்தெடுக்கும் மேகில் இடுக்கியும் கைப்பழக்கமாவதற்கு. அதன்பின் மிச்சமிருந்தால் கருவி வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் கொள்முதல் நடக்கும்; உயிர் பிழைக்காது.